காதுமெத்தை

கரண்ட் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

ஞானசெல்வி சாப்பாட்டுத் தட்டுடன் மாடி அறையின் வாசலில் நின்றாள். மின்விசிறி நின்றிருந்தது. டேப் டெக்கின் சின்ன விளக்குகள் அணைந்திருந்தன. கேசட்டின் சக்கரங்கள் அசையவில்லை. ராஜமணி மர நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. பாட்டுக் கேட்பவனின் முகம் இல்லை அது. பாட்டுக் கேட்பவனுக்கு விரலாவது அசையும். மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைச் சரிபார்க்கும் வாத்தியாரின் முகம் மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்கிற முகம்.

“அண்ணே, கரண்ட் இல்ல” என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. கேட்காதபடி செய்தது அவள்தான்.

தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெயிலும் பஞ்சுத் தூசும் சேர்ந்து வந்தன. பங்குனி பிறந்தால் போடியில் காற்றுக்கு நிறம் வந்துவிடும். மலையிலிருந்து வண்டி வண்டியாக இலவங்காய் இறங்கும். உடைத்து, அடித்து, கொட்டை நீக்கிய பஞ்சு ஒவ்வொரு குடோனிலும் கூரை தொடக் குவியும். அதன் இழைகள் தப்பித்துத் தெருவெல்லாம் மிதந்து, கண்ணிமையில், தண்ணீர்ச் சொம்பின் விளிம்பில், வேதாகமத்தின் பக்கங்களுக்கு நடுவில் என்று சத்தமில்லாமல் வந்து உட்காரும். பஞ்சு குவிந்த இடத்தில் சத்தம் செத்துவிடும். குடோனுக்குள் பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டால் பாதிக் குரல்தான் போய்ச் சேரும். சின்ன வயதில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது.

வீடும் குடோனும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. மாடி ஜன்னலுக்கு நேர் கீழே மூட்டை தைக்கும் முற்றம்.

அப்பா பொன்னுராஜ் போன ஐப்பசியில் இறந்த பிறகு வியாபாரத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அம்மா தந்தி அடித்தாள். மஸ்கட்டிலிருந்து ராஜமணி வந்தான். நான்கு வருடம் ஒரு தடவைகூட வராதவன். பெட்டியில் டேப் டெக்கும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் இந்த ஹெட்போனும் இருந்தன.

“ஜப்பான் சாமான். வெலயச் சொன்னா மயக்கம் போட்டு விழுந்துருவ” என்று அவள் கையில் கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது. அவ்வளவு கனம்.

ஞானசெல்வி இயற்பியல் படித்தவள். ஒரு வாரத்துக்குள் அவனிடம் கேட்டுக்கொண்டு அதைத் திறந்து பார்த்தாள். மற்ற ஹெட்போனில் காகிதத்தில் செய்த சின்னக் கூம்பு இருக்கும். இதில் கூம்பே இல்லை. வெங்காயத்தோல் போல ஒரு படலம். அதன் மேல் கம்பிச்சுருள் கோலம் மாதிரி அச்சாகியிருந்தது. படலத்துக்கு இருபுறமும் துளையிட்ட காந்தத் தட்டுகள். படலம் முழுவதும் ஒன்றாக அசையும். அதனால் சத்தம் கலங்காது. வயலின் நரம்பில் வில் தொடுகிற அந்த முதல் உரசல்கூடத் தனியாகக் கேட்டது. அவள் அதன் மேல் ஆசைப்பட்டுவிட்டாள். இவ்வளவு ஆசைப்பட்டு எதையும் அவள் தொட்டதில்லை.

அண்ணனுக்கு அது பாட்டுக்காக இல்லை. தூக்கத்துக்காக. ஊருக்கு வந்ததிலிருந்து அவன் தூங்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பேனாவைப் பிடித்தபடியே சுவரைப் பார்த்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் மட்டும் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தான். ஆனால் அதன் காதுறைகள் மஸ்கட் வெயிலில் நொறுங்கிப் போயிருந்தன. கறுப்புக் கறுப்பாக உதிர்ந்தன. காது மடல் புண்ணாகியிருந்தது.

என்ன ஆயிற்று என்று அவனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டுப் பழகவில்லை. வலிக்காமல் மாட்ட முடிந்தால் தூங்குவான். தூங்கினால் பழைய அண்ணன் திரும்பி வருவான். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

காதுறைக்குள் வைக்கப் பருத்தியை யோசித்து விட்டுவிட்டாள். பருத்தி வேர்வையை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். இலவம்பஞ்சு ஈரத்தைச் சேர்க்காது, அமுக்கினால் எழுந்துகொள்ளும். கீழே இறங்கிக் குடோனுக்குப் போனாள். ஒச்சாண்டி கால் நீட்டி உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். அப்பா காலத்து ஆள்.

“என்ன பாப்பா, பஞ்சு எதுக்கு? தலகாணி தைக்கப் போறீகளா?”

“அண்ணன் ஹெட்போனுக்கு.”

“அதுக்கா? சின்ன மொதலாளி ரெண்டு காதுலயும் பணியாரத்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காகளே, அதுக்கா?” அவனே சிரித்தான். “அப்ப இது காதுமெத்தை. இருங்க, நல்ல பஞ்சாத் தாரேன். மலைக்காய்ப் பஞ்சு. கொட்டைத் தூசி இருந்தா மொதலாளிக்குக் காது அரிக்கும், அப்பறம் எனக்குத்தேன் ஏச்சு.”

குவியலுக்குள் தோள்வரை கைவிட்டு எடுத்து, ஒவ்வொரு பிடியாக ஊதிப் பார்த்துக் கொடுத்தான். பிறகு கையை வேட்டியில் துடைத்தபடி குடோனின் கோடியைப் பார்த்தான். அங்கே பஞ்சு அடிக்கும் அறை. சுவர் இன்னும் கறுப்பாக இருந்தது. கதவு மட்டும் புதிது.

“பவுனு இருந்தா இதவிடச் சுத்தமாப் பெறக்கிக் குடுத்திருப்பா.”

ஞானசெல்வி பையின் வாயை முறுக்கினாள்.

“ஒத்த நிமிசந்தேன் பாப்பா. பெரிய மொதலாளி சொன்னாக. பொகை நெஞ்ச அடச்சிருச்சு, வலிகூடத் தெரிஞ்சிருக்காதுன்னாக. அந்த மட்டுக்கும் கர்த்தர் நல்லது செஞ்சாருன்னாக. எனக்கு ஒங்க சாமியத் தெரியாது. ஆனா அந்த ஒத்த நிமிசத்த நெனச்சுத்தேன் படுக்குறேன்.”

இதை அவன் எல்லோரிடமும் சொல்வான். மடியில் முடிந்துவைத்ததை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்பவன் போல.

நான்கு வருடம் முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை அந்த அறையில் தீப்பிடித்தது. கூலி வாங்கிக்கொண்டு எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். கடைசியாகப் பெருக்கிவிட்டுப் போகிறேன் என்று ஒச்சாண்டியின் பெண்டாட்டி பவுனு மட்டும் உள்ளே இருந்தாள். ஒச்சாண்டி கோயம்புத்தூருக்குப் பஞ்சு ஏற்றிய லாரியில் போயிருந்தான். ஞானசெல்வி மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். பஞ்சில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது போடியில் குழந்தைக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பஞ்சுக்குள் தண்ணீர் இறங்காது. கதவைச் சாத்த வேண்டும். சாத்தி, சந்துகளை ஈரச்சாக்கால் அடைத்து, மூன்று நாள் திறக்கக் கூடாது. நடுவில் காற்றுப் பட்டால் கனிந்துகொண்டிருப்பது குப்பென்று பிடித்துக் குடோன் முழுவதும் போய்விடும். அப்பா அப்படித்தான் செய்தார். அவள் ஊர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பவுனு உள்ளே இருந்தது முதலில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தபோது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். அடுத்த மாதம் அண்ணன் மஸ்கட் போனான்.

மெத்தென்ற பழைய பட்டுத்துணியில் வட்டமாக உறை தைத்து, பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஞானபாக்கியம் வந்து பார்த்தாள்.

“எங்கன எடுத்த பஞ்சு?”

“நம்ம குடோன்லதாம்மா.”

“கடையில பருத்தி கெடைக்கலியா?”

“பருத்தி வேர்வைய உறிஞ்சும்மா.”

“பி.எஸ்.சி. படிச்சது தலகாணி தைக்கவா? தூக்கிப் போடு அத. அவன் காதுல கொண்டுபோய் வைக்காத.”

பஞ்சு வியாபாரியின் பெண்டாட்டி சொல்கிற பேச்சா என்று ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா மெத்தையில் படுத்து வெகுநாள் ஆகிறது என்பது அப்போதுதான் நினைவில் தட்டியது. முதுகுவலி என்று பாயில்தான் படுக்கிறாள்.

தைத்து முடித்து முதலில் தானே மாட்டிப் பார்த்தாள். காதைச் சுற்றி இதமாகப் படிந்தது. வயலின் நெருங்கி வந்தது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று.

மந்தமான ஓசை. மிக ஆழத்தில். பாட்டின் தாளத்தோடு சேராதது.

படலம் தளர்ந்து தட்டில் படுகிறது என்று நினைத்தாள். திறந்து விளிம்பை இழுத்துப் பொருத்தினாள். பின்பக்கம் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி வைத்தாள். பாட்டின் கரகரப்பு போய்விட்டது. குரல்கள் ஒவ்வொன்றும் தனியாகப் பிரிந்தன. அந்த ஓசையும் தெளிவாகப் பிரிந்தது. தன் நாடித் துடிப்பாக இருக்கும் என்று நினைத்தாள். காதை இறுக மூடினால் அது கேட்பது இயல்புதான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஒரு பக்கம் போனது, அது வேறு பக்கம் போனது. கீழே பஞ்சு அடிக்கிற சத்தமாக இருக்கும். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை.

கழற்றி மடியில் வைத்தாள். கருவியில் ஒரு குறை, கண்டுபிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தாள்.

அவன் மாட்டினான். வெகுநேரம் அசையாமல் இருந்தான். கண் நிறைந்தது.

“இப்பத்தேன் சரியாக் கேக்குது” என்றான்.

அவள் வயலினைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள விரும்பினாள்.

அதன் பிறகு அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். பின்னால் இருக்கிற துளைகள் வழியாக வெளிச் சத்தம் வருகிறது, அதை அடைத்துக்கொடு என்றான். அடைத்தால் சத்தத்தின் இயல்பு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கம்பளியும் பஞ்சும் வைத்து அடைத்தாள். உச்சந்தலையில் அழுத்துகிறது என்றான். அப்பாவின் பழைய தோல்பையை வெட்டி அகலமான பட்டை செய்து, கனம் தலை முழுவதும் பரவும்படி தொங்கவிட்டாள். தலையில் இருப்பதே தெரியவில்லை என்றான். அன்றிலிருந்து கழற்றுவதை நிறுத்திவிட்டான்.

சாப்பிடும்போதும் அது இருந்தது. படுக்கும்போதும் இருந்தது. வெளிச் சத்தம் துளிகூட உள்ளே போகாததால் தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை. முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

“ரசத்துல உப்பு இல்ல!”

முற்றத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். கீழிருந்து ஒச்சாண்டி குரல் கொடுத்தான்: “நான் வேணா உப்பு கொண்டாரவா மொதலாளி?” ஞானசெல்வியும் சிரித்துவிட்டாள். கடைசியாக அவள் சிரித்தது அப்போதுதான்.

நேற்று முன்தினம் அவன் கண் மூடியிருந்த நேரம் பார்த்து இடது காதுறையை மெல்லத் தூக்கினாள். அடியில் காது வெளுத்துக் கிடந்தது. தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி. தொட்டாள். குளிர்ந்திருந்தது. அவன் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“மூடு செல்வி. மூடு. நான் கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

“என்னத்தண்ணே?”

“நானாச்சும் கேக்கணும்ல.”

மூடினாள். அவன் பிடியை விட்டான். அம்மாவிடம் போய்ச் சொன்னாள். டாக்டரிடம் கூட்டிப்போகலாம், தேனியில் பெரிய டாக்டர் இருக்கிறார் என்றாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“டாக்டர்ட்ட வாயத் தெறந்து அவன் என்னமாச்சும் சொல்லவா? சும்மா கெட. தானாச் சரியாப் போகும்.”

இப்போது அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. தூசு மிதந்து வந்து குழம்பின் மேல் படிந்தது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் ஏற்றிக்கொண்டே போனது. கீழே மூட்டை ஊசி சாக்கைக் கிழித்து நுழையும் சர் சர் என்ற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அண்ணனின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அவன் எதைக் கேட்கிறான்? கரண்ட் இல்லை. பாட்டு இல்லை. இரண்டு பஞ்சு வட்டங்களுக்குள் அடைபட்ட கையளவு காற்று. அவ்வளவுதான் அவன் காதுக்கு வெளியே இருப்பது.

மின்விசிறி முனகியது. கரண்ட் வந்துவிட்டது.

டெக்கில் விளக்குகள் எரிந்தன. கண்ணாடிக்குப் பின்னால் சத்தத்தின் அளவைக் காட்டும் இரண்டு முட்கள் வெளிச்சத்தில் தெரிந்தன. கேசட் சுற்றவில்லை. வலது முள் படுத்திருந்தது.

இடது முள் எழுந்தது. படுத்தது. எழுந்தது. படுத்தது. எழுந்தது. படுத்தது.

நின்றது.

மறுபடி மூன்று தடவை.

அவள் மண்டியிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். டெக்கின் முன்பக்கம் இரண்டு துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று ஹெட்போனுக்கு. மற்றது மைக்குக்கு. பிளக் மைக் துளையில் இருந்தது. பதிவுப் பொத்தானும் கேசட்டை நிறுத்திவைக்கும் பொத்தானும் சேர்ந்து அமுங்கியிருந்தன. எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. பிளக்கை அங்கே மாற்றியது அண்ணன்தான். மறதியா, வேண்டுமென்றா, அதுவும் தெரியவில்லை.

அவள் படித்தது அவளை விட்டுவைக்கவில்லை. காந்தமும் சுருளும் இருந்தால் இரண்டு வழியும் நடக்கும். சுருளில் கரண்ட் பாய்ந்தால் படலம் அசைந்து சத்தம் வரும். சத்தம் வந்தால் படலம் அசைந்து கரண்ட் வரும். மைக் துளையில் மாட்டிய ஹெட்போன் ஒரு மைக். அது கேட்பதை முள் காட்டும். அது கேட்க முடிந்தது காதுறைக்குள் இருப்பதை மட்டுமே. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாள்.

நாடியாக இருக்கும்.

அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நிதானமாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. முள் அதைச் சட்டை செய்யவில்லை. மூன்று. நிறுத்தம். மூன்று. நிறுத்தம்.

படியில் அம்மாவின் காலடி.

“சாப்பிட்டானா?”

“அம்மா, இங்கன வாயேன். இந்த முள்ளப் பாரு.”

“என்னத்தப் பாக்க? கரண்ட் வந்துச்சு, ஆடுது.”

“பாட்டு ஓடலம்மா. அவன் காதுக்குள்ள இருந்து வருது.”

ஞானசெல்வி ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பினாள். ஸ்பீக்கர் ஊளையிடும் என்று எதிர்பார்த்தாள். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால் ஊளையிடத்தான் வேண்டும். ஊளையிடவில்லை. அறை ஒரு கணம் பஞ்சு குவிந்த இடம் மாதிரி செத்திருந்தது. பிறகு வந்தது.

மரத்தில் கை.

முட்டி இல்லை. உள்ளங்கை. கனமான மரம், பின்னால் நிறையப் பஞ்சு. மூன்று தட்டு. பிறகு, தட்டியவர் மறுபக்கம் காது வைத்துக் கேட்பது போல ஓர் இடைவெளி. மூன்று தட்டு. அவசரம் இல்லை. அழுகை இல்லை. வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்து தட்டுகிற தட்டு.

ஞானசெல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. என்ன சத்தம் என்று கேட்கவில்லை. நேராகப் போய் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். முற்றத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று சாத்தினாள்.

அம்மாவுக்கு இந்தச் சத்தம் புதிதில்லை.

“அம்மா, இது என்னது?”

“ஒண்ணுமில்ல. அமத்து.”

“அம்மா...”

“அமத்துடீ அத!”

நாற்காலியில் ராஜமணி தலையைத் திருப்பினான். அம்மா ஜன்னலருகே நிற்பதைப் பார்த்தான். சின்னப் பிள்ளையிடம் ரகசியம் சொல்கிறவன் மாதிரி முகம் கனிந்தது. வாயைத் திறந்தான். அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பியது.

“அப்பாவும் இப்பிடித்தேன் மொதல்ல குடோன் சன்னலச் சாத்துனாக!”

“ஏலே, மெல்லப் பேசு! மெல்லப் பேசுடா!”

அவனுக்குக் கேட்கவில்லை. கீழே சாக்கில் ஊசி நுழையும் சத்தம் நின்றுவிட்டது.

அம்மா அறைக் கதவுக்கு ஓடினாள். சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். அதுவும் போதவில்லை. திரும்பி, கதவில் முதுகைக் கொடுத்துச் சரிந்து உட்கார்ந்தாள். சேலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு பாதத்தையும் கட்டில் காலில் முட்டுக்கொடுத்தாள். யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது. முன்பு ஒரு தடவை வெகுநேரம் அப்படி உட்கார்ந்து பழகிய உடம்பு.

ஞானசெல்வி ஓடிப்போய்க் குமிழை மறுபக்கம் கடைசிவரை திருப்பினாள். ஆம்ப்ளிஃபயரின் விளக்கு அணைந்தது.

தட்டல் நிற்கவில்லை.

ஸ்பீக்கர் அருகே குனிந்தாள். அதில் ஒன்றும் இல்லை. வெறும் துணி. நிமிர்ந்தாள். முள்ளைப் பார்த்தாள். இடது முள் படுத்துக் கிடந்தது. எழவில்லை.

தட்டல் கதவில் கேட்டது.

மூன்று. அம்மாவின் முதுகு அதிர்ந்தது. கொண்டை அதிர்ந்தது. நிலைக்கு மேலிருந்து பஞ்சுத் தூசு அம்மாவின் தலையில் உதிர்ந்தது. இடைவெளி. மூன்று. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தை இன்னும் இறுக்கமாக ஊன்றினாள். கண்கள் மகளைப் பார்க்கவில்லை.

ஒச்சாண்டிதான். ஞானசெல்விக்கு உயிர் வந்தது. கேட்டுவிட்டான். மேலே ஏறி வந்துவிட்டான். ஆள்தான் தட்டுகிறது. கதவைத் திறந்தால் ஆள் நிற்கும்.

“அம்மா, எந்திரி. ஒச்சாண்டி வந்திருக்காக.”

அம்மா தலையை ஆட்டினாள். முடியாது என்று.

“எந்திரிம்மா!”

தோளைப் பிடித்து இழுத்தாள். அம்மாவின் உடம்பு மரத்தோடு மரமாக இருந்தது. இழுக்க முடியவில்லை. ஒச்சாண்டியைக் கூப்பிட்டுப் பதில் சொல்லலாம். ஜன்னல் வழியாகப் படிக்கட்டின் பக்கம் குரல் கொடுக்கலாம். ஜன்னலுக்கு வந்தாள். கொக்கியை நீக்கினாள். இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

முற்றத்தில் மாலை வெயில்.

சனிக்கிழமைக் கூலி வாங்கிக்கொண்டு வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். தைத்த மூட்டைகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒச்சாண்டி நின்றான். கையில் மூட்டை ஊசி. ஊசியில் சணல். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. முகத்தை அண்ணாந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். அசையவில்லை. வெகுநேரமாக அங்கேயேதான் நின்றிருக்கிறான்.

அவளுக்குப் பின்னால் கதவில் மூன்று தட்டு விழுந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் விடவில்லை. கம்பியில் தூசு. நாக்கில் தூசு. இடைவெளி.

மூன்று.

இப்போது கதவின் கீழ்ப்பக்கத்தில். தட்டியவர் உட்கார்ந்துவிட்டது போல. மரத்துக்கு இந்தப் பக்கம் அம்மாவின் முதுகு. மரத்துக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில்.

“செல்வி” என்று அம்மா காற்றாகக் கூப்பிட்டாள். “செல்வி, சூடா இருக்குடீ.”

ராஜமணி நாற்காலியை விட்டு எழுந்தான். ஒயர் இழுபட்டு டெக்கிலிருந்து பிளக் விழுந்தது. ஹெட்போனோடு நடந்துபோய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனும் கதவில் முதுகைச் சாய்த்தான். அவனும் பாதத்தை ஊன்றினான். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அம்மாவின் காதருகே குனிந்து, மிக மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, திறந்த ஜன்னலுக்கும் முற்றத்துக்கும் தெருவுக்கும் கேட்கும்படி சொன்னான்:

“கால நல்லா ஊனிக்கம்மா. ரொம்ப நேரமில்ல. அன்னைக்கும் சனிக்கெழம சாயங்காலம் தட்ட ஆரம்பிச்சவ, ஞாயித்துக்கெழம கோயில் மணி அடிக்கிற வரைக்குந்தான தட்டுனா. பவுனுதேன்னு தெரிஞ்சுதான நாம மூணு பேரும் கதவுல சாஞ்சு உக்காந்திருந்தோம்.”